இரும்பைத் தேடாதீங்க... கடிகாரத்தைப் பாருங்க!

நாலுகால் நண்பன் - வாரத் தொடர்

மாலை ஆறு மணி. சிலமலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தோட்டத்துக்குப் போன அம்மாவின் ஜீப் இன்னும் மலை இறங்கவில்லை. அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பேரன் போனில் மூழ்கியிருக்கிறான். வீட்டின் செல்லம் ஜூலி, மூன்று வயது பொமரேனியன், வாசற்படியில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

திடீரென்று ஜூலி பக்கவாட்டில் சரிகிறது. நான்கு கால்களும் விறைத்து நீள்கின்றன. கழுத்து பின்னால் வளைகிறது. அடுத்த சில விநாடிகளில், படுத்தபடியே நீந்துவதுபோல் கால்கள் அடித்துக்கொள்கின்றன. வாயில் நுரை. தாடை டக் டக்கென்று அடிக்கிறது. படியெல்லாம் சிறுநீர்.

"ஐயையோ, வலிப்புடா! தம்பி, ஓடிப்போயி அருவாள எடுத்துட்டு வா. இரும்பு கையில பட்டா நின்னுரும்!"

"நாய்க்கு எந்தக் கையில குடுக்கிறது அப்பத்தா?"

காட்சி கற்பனைதான். ஆனால், நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் இது நாளைக்கே நடக்கலாம். அந்த நேரத்தில் கைகால் ஓடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், எதிர்வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். அந்தச் சில நிமிடங்களில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரும்புக்கு ஏன் இவ்வளவு பெயர்?

மனிதருக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். சினிமாவிலும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மை என்னவென்றால், பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். இரும்பைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. தானாக நின்ற வலிப்புக்கு இரும்பு பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின்சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. திடீரென்று பல அணுக்கள் ஒரே நேரத்தில், கட்டுப்பாடு இல்லாமல் சமிக்ஞை அனுப்பினால் உடல் வெட்டி இழுக்கிறது. மனிதருக்கு நடப்பதும் நாய்க்கு நடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். வெளியிலிருந்து எந்த உலோகத்தாலும் அதை நிறுத்த முடியாது. செருப்பு, வெங்காயம், எலுமிச்சை எதற்கும் அந்தச் சக்தி இல்லை.

நாயின் வாய்க்குள் இரும்பையோ கரண்டியையோ நுழைப்பது ஆபத்து. பல் உடையும், ஈறு கிழியும். 'நாக்கை விழுங்கிவிடும்' என்ற பயத்தில் விரலை விடுபவர்களும் உண்டு. நாய் தன் நாக்கை விழுங்காது. ஆனால், தாடை இறுகும்போது இடையில் உங்கள் விரல் இருந்தால் நாய்க்கு அது தெரியாது.

முதல் ஐந்து நிமிடம்: என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் மணியைப் பாருங்கள். வலிப்பு தொடங்கிய நேரம்தான் டாக்டருக்கு மிக முக்கியமான தகவல். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். அதனால் கணக்கு மனதில் வேண்டாம், கடிகாரத்தில் இருக்கட்டும்.

2. நாயைத் தூக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். சுற்றியிருக்கும் நாற்காலி, அம்மி, பாத்திரங்களை நகர்த்துங்கள். படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு அருகில் விழுந்திருந்தால் மட்டும், உடலின் பின்பக்கமாகப் பிடித்து மெல்ல இழுத்து வையுங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு போதும்.

3. டிவியை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்குங்கள். குழந்தைகளும் வீட்டின் மற்ற நாய்களும் தள்ளி இருக்கட்டும். வலிக்கிற நாயை இன்னொரு நாய் தாக்குவது உண்டு.

4. ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முகமும் கால்களும் தெரியவேண்டும். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது நாய் நன்றாக எழுந்து வாலாட்டிக்கொண்டிருக்கும். என்ன நடந்தது என்று டாக்டருக்குக் காட்டச் சாட்சி அந்த வீடியோ மட்டும்தான்.

5. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர், பால், கஷாயம், மாத்திரை எதுவும் வேண்டாம். நினைவில்லாத நாயின் வாயில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும்.

6. மின்விசிறி ஓடட்டும். தசைகள் விடாமல் துடிப்பதால் உடல் சூடு ஏறும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நீண்ட வலிப்பில் அது ஆபத்தான அளவுக்கு உயரும். மூன்று நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் பாதங்களையும் வயிற்றையும் ஒற்றிக்கொடுங்கள். ஐஸ் வேண்டாம்.

வலிப்பு நின்றவுடன் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும்போல் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். நின்ற பிறகு நாய் சில நிமிடங்களிலிருந்து பல மணி நேரம் வரை குழப்பத்தில் இருக்கும். சுவரில் முட்டும், வட்டமடித்து நடக்கும், கண் தெரியாததுபோல் தடுமாறும், திடீர்ப் பசியில் அலையும். வளர்த்தவர் யார் என்றே தெரியாமல் கடித்தாலும் கடிக்கும். பேர் சொல்லி மெல்லிய குரலில் கூப்பிடுங்கள். முழு நினைவு வந்து, தானாகத் தலைதூக்கி நின்ற பிறகுதான் கொஞ்சம் தண்ணீர், பிறகு உணவு.

எல்லாத் துடிப்பும் வலிப்பு அல்ல

நாய் தூக்கத்தில் கால் உதைக்கும், முனகும், உதடு துடிக்கும். அது கனவுத் தூக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். வலிப்பில் இருக்கும் நாய் விழிக்காது.

வயதான சிறிய நாய்களுக்கு இதய வால்வு பழுதாவது சகஜம். இருமலோ ஓட்டமோ உற்சாகமோ வந்த நேரத்தில் தொப்பென்று விழும். உடல் பெரும்பாலும் துவண்டு கிடக்கும், சில விநாடிகளில் எழுந்து பழையபடி நடக்கும், பிந்தைய குழப்பம் இருக்காது. அது மயக்கம். மூளையைவிட இதயத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

பக் நாய்கள் கழுத்தை நீட்டி, 'கர்ர் கர்ர்' என்று மூச்சை உள்ளே இழுத்துத் திணறுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் பலர். அது தலைகீழ்த் தும்மல். நாய் முழு நினைவோடு நின்றுகொண்டிருக்கும். நீளமான முதுகு கொண்ட டாஷண்ட் முதுகுத்தண்டு வலியில் நடுங்கி விறைப்பதும், வயதான நாய் திடீரெனத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்மணிகள் பக்கவாட்டில் ஓட, உருண்டு விழுவதும் வேறு நோய்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறாக அது இருக்கலாம்.

மறுபக்கம், வலிப்பென்றே தெரியாத வலிப்புகளும் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிப்பது, ஒரு கால் மட்டும் வெட்டுவது, இல்லாத ஈயைக் கடிப்பதுபோல் காற்றைக் கவ்வுவது, காரணமில்லாமல் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது போன்றவை மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நடக்கும் வலிப்பாக இருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் வீடியோ எடுத்து வையுங்கள்.

சின்ன உடம்புக்குச் சில தனிக் காரணங்கள்

கோம்பை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வேட்டை நாயின் ஊர்ப்பக்கத்திலும் இன்று வீட்டுக்குள் உலவுவது பொமரேனியன், பக், டாஷண்ட் போன்ற சின்ன உருவங்கள். அவற்றின் எடையே வலிப்புக்குச் சில தனிக் காரணங்களைத் தருகிறது.

சர்க்கரைக் குறைவு: மூன்று, நான்கு மாதத்துக்கு உட்பட்ட மிகச் சிறிய குட்டிகளின் ஈரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. ஒருவேளை உணவு தவறினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, குளிரில் கிடந்தாலோ ரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாடி, வலிப்பு வரலாம். துடிப்பு அடங்கியதும் தேனோ, கெட்டியாகக் கரைத்த சர்க்கரையோ சில துளிகள் ஈறில் தடவுங்கள். தடவ மட்டும்தான் வேண்டும், ஊற்றக்கூடாது. பிறகு நேராக டாக்டர். அந்த வயதில் உணவை நாளுக்கு நான்கைந்து முறையாகப் பிரித்துக் கொடுத்தாலே இதைத் தவிர்க்கலாம்.

பாலூட்டும் தாய்: குட்டி போட்ட முதல் நான்கு வாரங்களில், பால் வழியாகக் கால்சியம் வெளியேறி ரத்தத்தில் குறைந்துவிடுவது சிறிய நாய்களுக்கு அதிகம். முதலில் மூச்சு இரைக்கும், நிம்மதியில்லாமல் அலையும், முகத்தைத் தேய்த்துக்கொள்ளும், கால் விறைத்து நடக்கும். பிறகு நடுக்கம், காய்ச்சல், வலிப்பு. குட்டிகளை உடனே தாயிடமிருந்து பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். டாக்டர் நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால், செத்துவிட்டது என்று நினைத்த நாய் கண்ணெதிரே எழுந்து நிற்கும். வீட்டில் காத்திருந்தால் உயிர் போகும்.

டிஸ்டெம்பர்: தடுப்பூசி போடாத குட்டிக்குக் கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என வந்து, சில வாரம் கழித்து எதையோ மெல்லுவதுபோல் தாடை ஆடினால் இந்த வைரஸ்தான் முதல் சந்தேகம். மூளைக்குப் போய்விட்டால் மீட்பது கடினம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர்ச்சி, பிறகு டாக்டர் சொல்லும் கால இடைவெளியில் பூஸ்டர். இந்த அட்டவணையை விடாமல் முடித்துவிட்டால் பெரிய கவலை தீரும்.

பரம்பரை: எந்தப் பரிசோதனையிலும் காரணம் சிக்காமல் திரும்பத் திரும்ப வருவது ஒரு வகை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கும். இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. டாஷண்ட் இனத்தின் ஒரு சிறு வகையில் காணப்படும் 'லஃபோரா' என்ற வலிப்பு நோய்க்கு மரபணுவில் ஒரு பகுதி பலமுறை மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருப்பதே காரணம் என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே நோய் மனிதருக்கும் உண்டு. வலிப்பு வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஏழெட்டு வயதுக்கு மேல் முதன்முறையாக வலிப்பு வந்தால் ஈரல், சிறுநீரகம், மூளைக்கட்டி என வேறு கோணத்தில் தேடவேண்டும்.

ஏலமலை அடிவாரத்தில் ஒரு கூடுதல் எச்சரிக்கை

போடி என்றாலே ஏலக்காய். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின் ஏல மையமே இங்கிருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தோட்டங்களுக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள் இந்த வட்டாரக் கிராமங்களில் ஏராளம். அந்தத் தோட்டங்களில் பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிக்கடி மருந்து அடிக்கப்படுகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளும் அதில் உண்டு.

இந்த வகை மருந்து பூச்சியை எப்படிக் கொல்கிறதோ, அதே வழியில்தான் நாயின் நரம்பையும் தாக்குகிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை முடித்துவைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் கொட்டும், கண்ணீர் வழியும், வாந்தி, பேதி, கட்டுப்பாடில்லாத சிறுநீர், ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, உடல் முழுக்கத் தசை நடுக்கம், கடைசியில் வலிப்பும் மூச்சுத்திணறலும். வெறும் வலிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்: வலிப்பு வருவதற்கு முன்பே வாயும் வயிறும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். வலிப்பு நோயில் இரண்டு வலிப்புக்கு நடுவே நாய் இயல்புக்குத் திரும்பும். விஷத்தில் நடுக்கம் விடாது.

ஐந்து கிலோ நாய்க்கு எவ்வளவு மருந்து போதும் என்று நினைக்கிறீர்கள்? பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் சிறு அளவே இதற்கு உயிராபத்து. மருந்து கலக்கிய வாளியில் மிச்சமிருந்த தண்ணீர், மருந்து அடித்த சட்டை கிடந்த மூலை, கழுவாத டின், இவை போதும்.

எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு, நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் வலிப்பை உண்டாக்கும். வீட்டிலேயே நடக்கும் இன்னொரு தவறு, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண் அளவில் கலக்கிச் சின்ன நாய்க்கு ஊற்றிக் குளிப்பாட்டுவது. மாட்டின் கணக்கு வேறு, நாயின் கணக்கு வேறு. நாய்க்கென்றே வரும் சில உண்ணி மாத்திரைகளாலும் (ஐசோக்சசோலின் வகை) சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு அவை பாதுகாப்பானவைதான். ஆனால், முன்பு வலிப்பு வந்த நாய் என்றால், வாங்குமுன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

விஷம் என்று சந்தேகம் வந்தால்:

- உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணித் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நடுங்கும் நாய்க்கு வாந்தி நுரையீரலில் இறங்கும்.
- ரோமத்தில் மருந்து பட்டிருந்தால், வலிப்பு நின்றபின் கையுறை அல்லது பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். போகும் நேரம் வீணாகாத அளவுக்கு மட்டும்.
- மருந்து டின் அல்லது கவரைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டர் மாற்று மருந்தை உடனே தொடங்கலாம். நேரத்தோடு போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

தோட்டத்திலிருந்து வந்தவுடன் துணி மாற்றிக் கைகால் கழுவிய பிறகு நாயைக் கொஞ்சுவது, மருந்து அடித்த துணியைத் தனி வாளியில் போடுவது, டின்னைப் பூட்டிவைப்பது. நாய்க்காகத் தொடங்கும் இந்தப் பழக்கங்கள் வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

'வெறி' என்றால்?

வலிப்பைப் பார்த்ததும் 'வெறி பிடிச்சிருச்சு, அடிச்சுப் போடு' என்று தெருவே கூடிவிடும். வலிப்பு வந்த நாயெல்லாம் வெறிநாய் இல்லை. ரேபிஸ் தடுப்பூசி தவறாமல் போட்டு வீட்டோடு இருக்கும் நாய்க்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால், தடுப்பூசி போடாத நாய், சில நாட்களாகக் குணம் மாறி, குரல் மாறி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கி, கண்டதைக் கடித்து, பிறகு வலிப்பும் வந்தால் ரேபிஸை நினைத்தே ஆகவேண்டும். கையால் தொடாதீர்கள். தனி அறையில் அடைத்துக் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்படிப்பட்ட நாய் கடித்தாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ, உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ரேபிஸ் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. மற்றபடி, சாதாரண வலிப்பு நோய் நாயிடமிருந்து மனிதருக்கோ, இன்னொரு நாய்க்கோ தொற்றாது.

எப்போது காலை வரை காத்திருக்கலாம், எப்போது கூடாது?

ஒரு நிமிடம் வலித்து, நின்று, நாய் நன்றாகத் தெளிந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணி. வேறு எந்த அறிகுறியும் இல்லை. டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, காலையில் அழைத்துப் போகலாம். முதல் வலிப்பு என்றால் அந்த ஒருநாள் தாமதத்துக்கு மேல் வேண்டாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது:

- வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது
- 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வருகிறது
- ஒன்று முடிந்து தெளியும் முன்பே அடுத்தது தொடங்குகிறது
- விஷம் என்று சந்தேகம்
- சிறு குட்டி, பாலூட்டும் தாய், அல்லது இன்சுலின் போடும் நாய்
- நாக்கும் ஈறும் நீலம் பாய்கிறது, மூச்சு சீராக இல்லை

ஐந்து நிமிடம் என்பது சும்மா சொன்ன கணக்கு அல்ல. அதைத் தாண்டினால் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைகிறது. உடல் சூடேறி மூளை அணுக்கள் அழியத் தொடங்கும். அதனால்தான் உலகெங்கும் கால்நடை நரம்பியல் மருத்துவர்கள் அந்த எல்லையை அவசரநிலை என்று வகுத்திருக்கிறார்கள்.

மலைச்சரிவில் வசிப்பவர்களுக்கு இதில் ஒரு கணக்கு கூடுதல். வளைந்து வளைந்து இறங்கி டவுனை அடையவே நேரம் பிடிக்கும். எனவே வழி எது, வண்டி யாருடையது, எந்த டாக்டர் இரவில் போன் எடுப்பார் என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதிவையுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. முக்கியமாக ஆடு, மாடுகளை மனத்தில் வைத்து ஏற்பட்ட சேவை என்பதால், நள்ளிரவில் அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம். தேனி மாவட்டத்துக்கு 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. உள்ளூர் டாக்டர் மேல்சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தால் சென்னை வேப்பேரி வரை போகத்தான் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

ஏற்கெனவே வலிப்பு நோய் உறுதியான நாய் என்றால், ஆசனவாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ கொடுக்கும் அவசர மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். அளவு எழுதி, கொடுக்கும் முறையைக் காட்டித் தந்தால் மட்டுமே அது பயன்படும்.

மாத்திரை தொடங்கினால்...

ஒரே ஒரு வலிப்புக்கு டாக்டர் மாத்திரை எழுதாமல் அனுப்பினால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரை, கால்சியம், ஈரல், சிறுநீரகம், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் பார்த்து எதுவும் இல்லையென்றால், கவனித்துவரச் சொல்வது வழக்கம். ஆறு மாதத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தாலோ, கொத்தாக வந்தாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ தினசரி மருந்து தேவைப்படும்.

அதிகம் பயன்படுவது ஃபீனோபார்பிட்டால். 1912-லேயே மனிதர்களின் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய பழைய மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டும். ரத்தத்தில் நிலையான அளவுக்கு வர சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆரம்பத்தில் தூக்கக்கலக்கம், தள்ளாட்டம். பிறகு அதிகப் பசி, தாகம், சிறுநீர், எடை கூடுதல். ரத்தத்தில் மருந்தின் அளவையும் ஈரலையும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, 'இரண்டு மாசமா வரலையே' என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. அப்படி நிறுத்தினாலே கடுமையான வலிப்பு வரும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். இது சீட்டு இல்லாமல் கடையில் தரும் மருந்து அல்ல.

வீட்டில் யாராவது வலிப்புக்கு மாத்திரை சாப்பிடலாம். அதை நாய்க்குக் கொடுக்காதீர்கள். மனிதருக்குப் பயன்படும் ஃபெனிடாயின், கார்பமாசெபைன் போன்றவை நாயின் உடலிலிருந்து மிக வேகமாக வெளியேறிவிடும். பலன் இருக்காது.

பொட்டாசியம் புரோமைடு கொடுக்கச் சொல்லியிருந்தால் கருவாட்டில் கவனம் வேண்டும். உணவில் உப்பு திடீரென்று கூடினால், சிறுநீரகம் உப்போடு சேர்த்து மருந்தையும் வெளியேற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு சோற்றுக்கு, திங்கள், செவ்வாயில் வலிப்பாக விலை கொடுக்க நேரலாம். தினமும் ஒரே மாதிரி உணவு, ஒரே அளவு உப்பு.

மருந்தால் எல்லா நாய்க்கும் வலிப்பு முழுவதுமாக நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு மருந்து கொடுத்தும் முழுக் கட்டுப்பாடு வருவதில்லை. மாதம் நான்கு முறை வந்தது ஒரு முறையாகக் குறைந்தால் அதுவே வெற்றி. சரியான மருந்தோடு பல நாய்கள் வருடக்கணக்கில் வாலாட்டிக்கொண்டு வாழ்கின்றன. வீட்டார் மனம் விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

காலண்டரில் ஒரு வரி

சிலமலை வீட்டுக்குத் திரும்புவோம். பேரன் அரிவாளைத் தேடி ஓடவில்லை. போனைத் திருப்பி வீடியோவை அழுத்துகிறான். ஒரு நிமிடம் பத்து விநாடியில் ஜூலியின் கால்கள் அடங்குகின்றன. மெல்லத் தலைதூக்குகிறது. சுவர் ஓரமாக இரண்டு சுற்று நடக்கிறது. தண்ணீர்த் தட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது.

ஜீப் வந்து நிற்கிறது. அம்மா இறங்கி, ஓடி வந்து தூக்கப் போகிறார்.

"இரு தாயி, மொதல்ல சட்டைய மாத்து, கையக் கழுவு. அது இன்னும் தெளியல" என்கிறார் அப்பத்தா.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிக்காமல், பேரன் பேனாவால் எழுதுகிறான்: 'மாலை 6.04. ஒரு நிமிஷம் 10 செகண்ட். தூங்கும்போது. மத்தியானம் தயிர்ச்சோறு. மருந்து வாளி எதுவும் வெளியே இல்லை.'

காலையில் டாக்டர் கேட்கப் போகும் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் காலண்டர் இருக்கும், பேனா இருக்கும், போன் இருக்கும். இன்றைக்கே கால்நடை டாக்டரின் எண்ணை அந்தக் காலண்டர் அட்டையின் மேல் எழுதி வையுங்கள்.